குருதி சிந்தாத களவு: ‘குமோகிரி நிசாயெமொன்’ தொலைக்காட்சித் தொடர் பற்றிய ஒரு நோக்கு

1

வெகுசனத் தொடர்புச் சாதனங்களினூடாகப் பரவும் கலைவடிவங்களைத் திறனாய்வுக்குரிய பொருளாகக் கொள்ளும் மரபு நம்மிடையே இன்னும் ஆழமாக வேரூன்றவில்லை. நாவல், கவிதை, நாடகம் ஆகியவற்றை ஆராய்வதற்கு நாம் செலவிடும் உழைப்பிற் சிறு பங்கினையேனும் தொலைக்காட்சித் தொடர்களுக்குச் செலவிடுவதில்லை. பொழுதுபோக்கு என்ற ஒரு சொல்லினால் அவற்றை ஒதுக்கிவிடுகின்றோம். ஆயின் ஒரு சமுதாயம் தன்னைப் பற்றி என்ன எண்ணுகின்றது, எதனை எண்ண மறுக்கின்றது என்பதை அறிவதற்கு இத்தகைய படைப்புக்கள் தரும் சான்றுகள் சிறியனவல்ல.

யப்பானியத் தொலைக்காட்சி நமக்கு முற்றிலும் அந்நியமானதுமன்று. 1982 இல் இலங்கை ரூபவாஹினி யப்பானிய அரசின் உதவியுடன் நிறுவப்பட்டது. 1983 இல் யப்பானில் ஒளிபரப்பாகிய ‘ஒஷின்’ பின்னர் இங்கும் பெரும் வரவேற்பைப் பெற்றது. உழைப்பும் பொறுமையும் துயரும் நிறைந்த ஏழைப் பெண்ணொருத்தியின் கதையாக அது அமைந்தது. அதே யப்பானிய வீடுகளில் விரும்பிப் பார்க்கப்பட்டுவந்த பிறிதொரு வகைக் கதையினை இக்கட்டுரையில் நோக்க முனைகின்றோம். உழைப்பும் பொறுமையும் அங்கும் உண்டு. ஆனால் அவை களவின் பொருட்டுச் செலவிடப்படுகின்றன. தலைவன் ஒருவனின் கீழ்க் கட்டுப்பாட்டுடன் இயங்கும் கள்வர் குழுவின் கதையே அது.

இவ்வகைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு ‘குமோகிரி நிசாயெமொன்’ ஆகும். இக்கெனாமி ஷோதாரோ 1970களின் முற்பகுதியில் எழுதிய தொடர்கதை இதன் மூலம். 1978 இல் கோஷா ஹிதியோ இதனைத் திரைப்படமாக்கினார். தலைவனாக நக்கடாய் தத்சுயா நடித்தார். 1979 இல் அமச்சி ஷிகெருவும், 1995 இல் யமசாக்கி சுதோமுவும், 2013 இல் என்.எச்.கே. நிறுவனத்தின் செய்மதி அலைவரிசையில் நகாய் கியிச்சியும் தலைவனாக நடித்த தொலைக்காட்சித் தொடர்கள் வெளிவந்தன. என்.எச்.கே. தொடர் பின்னர் பல பகுதிகளாக நீண்டது. ஒரே கதை ஏறத்தாழ நான்கு தசாப்தங்களாகத் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டதாயின், அதன் கவர்ச்சிக்குத் தனிமனித இரசனை மட்டுமே காரணமாயிருத்தல் இயலாது.

2

குமோகிரி என்ற பெயர் இக்கெனாமியின் கற்பனையிற் பிறந்ததன்று. கோதான் எனப்படும் வாய்மொழிக் கதைசொல்லல் மரபில் குமோகிரியும் அவனது தோழர் நால்வருமாக ‘குமோகிரி ஐவர்’ நெடுங்காலமாகவே அறிமுகமானவர்கள். தொக்குகாவா ஆட்சியின் இறுதிக் காலத்தில் கபுக்கி நாடகாசிரியரான கவத்தாக்கே மொக்குவாமி கள்வரைத் தலைமைப் பாத்திரங்களாகக் கொண்ட நாடகங்களாற் புகழ்பெற்றார். 1862 இல் அவர் அரங்கேற்றிய நாடகத்தில் ஐந்து கள்வர் அழகிய குடைகளை ஏந்தி ஆற்றங்கரையில் வரிசையாக நின்று தத்தம் பெயரையும் பிறப்பையும் முழங்கும் காட்சி இன்றும் கபுக்கி அரங்கில் ஆடப்படுகின்றது. அவர்தம் தலைவனுக்கு முன்மாதிரியாயிருந்தவன், தொக்கைதோப் பெருவழியில் கொள்ளைக் கூட்டமொன்றை நடத்தி 1747 இல் கொல்லப்பட்ட நிப்பொன் சாயெமொன் ஆவான்.

வரலாற்றிலே தலை வெட்டுண்டு போனவன் அரங்கிலே பட்டாடை அணிந்து மீள்வது எவ்வாறு? ஆட்சியாளரை நேரடியாக விமரிசிக்க இயலாத நகர மக்களுக்குக் கள்வன் ஒரு மறைமுகக் குரலாக அமைந்தான் என்பது பொதுவாகக் கூறப்படும் விளக்கம். அது ஓரளவு உண்மையே. எனினும் 1832 இல் கொல்லப்பட்ட நெசுமி கோசோவின் வரலாறு நம்மை எச்சரிக்கின்றது. பிரபுக்களின் மாளிகைகளில் மட்டும் திருடி ஏழைகளுக்கு வழங்கியவனாகக் கதைகள் அவனைப் போற்றும். விசாரணைப் பதிவுகளோ அவன் பணத்தைக் குடியிலும் சூதிலும் பரத்தையரிடத்தும் தொலைத்தவன் என்றே காட்டுகின்றன. ஏழைகளுக்கு ஒரு வள்ளல் தேவைப்பட்டான். ஆகவே அவன் வள்ளலாக்கப்பட்டான். இத்தேவையினை நாம் மதித்தல் வேண்டும். அதே வேளை, தேவையை வரலாறெனக் கொள்ளும் தவற்றினையும் தவிர்த்தல் வேண்டும்.

எரிக் ஹொப்ஸ்போம் 1969 இல் வெளியிட்ட தமது நூலிற் சமூகக் கொள்ளையர் பற்றி விரிவாக ஆராய்ந்தார். அந்நூலின் செல்வாக்கினால் முற்போக்குத் திறனாய்வாளர் பலர், செல்வரிடம் திருடுபவனையெல்லாம் வர்க்கப் போராளியெனக் கொண்டாடத் தலைப்பட்டனர். நாமும் அதற்கு விலக்கானவர்களல்லோம். ஆயின் ஹொப்ஸ்போம் குறிப்பிட்டது விவசாய சமுதாயத்திலிருந்து வெளியேற்றப்பட்டு, அச்சமுதாயத்தின் ஆதரவிலேயே வாழும் கொள்ளையனை. நகரத்துத் தொழின்முறைக் கள்வர் கூட்டங்களை அவர் அவ்வகையினுட் சேர்க்கவில்லை. குமோகிரி குழு இவ்விரண்டாவது வகையினது. எனவே அதனைப் புரிந்துகொள்ளப் பிறிதோர் அளவுகோல் வேண்டும்.

3

தொடரின் கதை கியோஹோ காலத்தில் (1716–1736) நிகழ்கின்றது. எட்டாவது ஷோகுனான யொஷிமுனே சிக்கனத்தை வலியுறுத்தி ஆட்சி செலுத்திய காலம் அது. குமோகிரி நிசாயெமொன் முன்னாளிற் சாமுராய். பொய்க் குற்றச்சாட்டினால் அவனது குடும்பம் நிலைகுலைந்தது. கள்வனான பின்னர் அவன் கொலை செய்வதில்லை. தன் குழுவினரைச் செய்ய விடுவதுமில்லை. நகோயா நகரின் பெருவணிகனான மத்சுயா கிச்சிபேயின் களஞ்சியமே அவனது பெரும் இலக்கு. குழுவைச் சேர்ந்த ஓச்சியோ என்னும் பெண் மாறுவேடத்தில் அவ்வணிகனின் நம்பிக்கையைப் பெறுகின்றாள். தீவைப்போரையும் கள்வரையும் ஒடுக்கும் தனிப்படையின் தலைவரான அபே ஷிகிபு இவர்களைத் தொடருகின்றார். இரு பக்கத்திலும் ஒற்றர் உளர். இரு பக்கத்திலும் காத்திருப்பு உண்டு.

காத்திருப்பு என்பதே இத்தொடரின் உயிர் எனலாம். களவு நிகழும் இரவு சில நிமிடங்களில் முடிந்துவிடும். அதற்கான ஆயத்தமோ மாதக்கணக்கில், ஏன், ஆண்டுக்கணக்கில் நீளும். ஒருவன் வீட்டின் அமைப்பை அறிகின்றான். ஒருவன் திறப்பின் படியை எடுக்கின்றான். ஒருத்தி வேலைக்காரியாகச் சேர்ந்து, கதவின் தாழை உள்ளிருந்து நீக்கும் ஓர் இரவுக்காகப் பாத்திரங்களைத் துலக்கிக்கொண்டிருக்கின்றாள். ஒவ்வொருவருக்கும் தனிப் பொறுப்பும் தனிப் பெயரும் உண்டு. முதியவரின் அனுபவம் மதிக்கப்படுகின்றது. தலைவன் குழுவினரின் பிற்கால வாழ்வுக்கும் பொறுப்பாளனாகின்றான். இறுதிப் பெருங்களவின் பின்னர் பொருளைப் பகிர்ந்து குழுவைக் கலைத்துவிடுவதே அவன் எண்ணம்.

இக்கெனாமியின் கள்வர் தம் தொழிலைக் களவென்று கூறுவதில்லை. ‘சுதோமே’ என்கின்றனர், உத்தியோகம், கடமை எனப் பொருள்படும் அன்றாடச் சொல் அது. அவரது மற்றொரு புகழ்பெற்ற படைப்பான ‘ஓனிஹெய் ஹங்கச்சோ’விலும் உண்மையான கள்வனுக்குரிய மூன்று விதிகள் கூறப்படுகின்றன: பறிகொடுத்தால் வாழ்விழக்கும் ஏழையிடம் திருடலாகாது; கொலை செய்யலாகாது; பெண்களைக் கெடுக்கலாகாது. இவற்றை மீறி வீட்டாரைக் கொன்று விரைவிற் பொருள் பறிப்போர் இழிந்தோராகக் கருதப்படுகின்றனர்.

இக்கள்வர் குழு எதனை நினைவூட்டுகின்றது? இக்கெனாமி 1923 இல் ரோக்கியோவின் அசக்குசாப் பகுதியிற் பிறந்தவர். ஆரம்பப் பள்ளியோடு கல்வியை நிறுத்திப் பங்குத் தரகு நிலையத்தில் வேலைக்கமர்ந்தவர். போரின் பின்னர் ரோக்கியோ மாநகர நிர்வாகத்தில் ஊழியராயிருந்துகொண்டே நாடகம் எழுதியவர். பிறருடைய பணத்தை எண்ணும் தொழிலையும், மேலதிகாரியின் கீழ் வாழும் வாழ்வையும் அவர் உள்ளிருந்து அறிந்தவர். அவரது வாசகரிற் பெரும்பாலோரும் அத்தகையோரே. 1973 இன் எண்ணெய் நெருக்கடி யப்பானின் வேகமான பொருளாதார வளர்ச்சிக்கு முற்றுப்புள்ளி வைத்தது. வாழ்நாள் முழுவதற்குமான உத்தியோகம், மூப்பு வழி உயர்வு, நிறுவன விசுவாசம் என்னும் பெரு நிறுவனங்களின் வாக்குறுதிகள் ஐயத்துக்குள்ளாகத் தொடங்கிய காலம் அது. இச்சூழலில் ஊழியன் தன் நிறுவனத்திற் காண விரும்பியும் காணாத பண்புகளைக் கள்வர் குழுவிற் கண்டான். தன்னை அறிந்த தலைவன், வீணாகாத திறமை, நேர்மையான பங்கீடு ஆகியனவே அவை. குமோகிரி குழு ஓர் இலட்சிய நிறுவனமாகும். அது சட்டத்துக்குப் புறம்பானது என்பதே அவ்விலட்சியத்தின் துயரம். நல்ல தொழிற்றலத்தைக் கற்பனை செய்வதற்கு அக்கலைஞருக்குக் களவினை விடச் சிறந்த களம் கிட்டவில்லை என்பது அச்சமுதாயம் பற்றிய கடுந்தீர்ப்பாகவும் அமைகின்றது.

4

எனினும் இவ்விலட்சியத்துக்கு ஒரு விலை உண்டு. களவு எவ்வாறு செய்யப்படுகின்றது என்பதில் நம் கவனம் முழுவதையும் குவிக்கும் தொடர், களவாடப்படும் பொருள் எவ்வாறு வந்தது என்ற வினாவை எழுப்பாமலே விட்டுவிடுகின்றது. வணிகனின் களஞ்சியம் கதையின் தொடக்கத்திலேயே நிறைந்திருக்கின்றது. தடித்த மண்சுவர்களுக்குள் ஆயிரம் ரியோப் பொற்காசு கொள்ளும் பெட்டிகள் அடுக்கப்பட்டுள்ளன. அவற்றை நிறைத்தவர் யார்?

தொக்குகாவா சமுதாயத்தின் அடித்தளம் நெல். நிலப்பிரபுவின் வலிமையே அவனது நிலத்தின் விளைவினால், ‘கொக்கு’ என்னும் அளவினாற் கணிக்கப்பட்டது. ஒரு கொக்கு ஏறத்தாழ 180 லீற்றர். நகோயாவைத் தலைநகராகக் கொண்ட ஓவாரி நிலப்பிரிவு ஆறு இலட்சம் கொக்குக்கு மேற்பட்டது. உழவர் வரியாக அளித்த அரிசியைப் பிரபுவும் சாமுராய்களும் வணிகர் மூலம் விற்றுக் காசாக்கினர். வரப்போகும் அறுவடையை ஈடுவைத்து அவர்களிடமே கடனும் பெற்றனர். யொஷிமுனேயின் அரசு 1722 இல், பிரபுக்கள் ஒவ்வொரு பத்தாயிரம் கொக்குக்கும் நூறு கொக்கு அரிசியை ஷோகுனுக்கு அளிக்க வேண்டுமெனப் பணித்தது. உழவர் மீதான வரியும் இறுக்கப்பட்டது. 1730 இல் ஒசாக்காவின் தோஜிமா அரிசிச் சந்தை அரச அங்கீகாரம் பெற்றது. வணிகனின் பெட்டியிலிருந்த பொன், பல கைகள் மாறி வந்த உழவனின் நெல்லே என்பது இதனாற் புலனாகும்.

குமோகிரி தொடரில் உழவன் இல்லை. அவன் இருப்பானாயின் ‘செல்வனிடம் மட்டும் திருடுதல்’ என்ற விதி அத்துணை தூய்மையுடையதாகத் தோன்றாது. உழவனிடமிருந்து பறிக்கப்பட்டது வணிகனிடமிருந்து பறிக்கப்பட்டுக் கள்வரிடையே பங்கிடப்படுகின்றது, உழவனுக்கு மீள்வதில்லை. களவில் ஒழுங்கு உண்டா இல்லையா என்ற வினா, செல்வத்திற் களவு உண்டா இல்லையா என்ற வினாவை மறைத்துவிடுகின்றது. குருதி சிந்தாத களவு என்ற கருத்து இவ்வாறே கருத்தியலாகத் தொழிற்படுகின்றது.

இது பழங்கதைக்கு மட்டும் உரியதன்று. 1968 டிசெம்பர் 10 ஆம் நாள் ரோக்கியோவின் ஃபுச்சூப் பகுதியில், பொலிஸ் உத்தியோகத்தனாக வேடமிட்டு மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவன் வங்கிக் காரொன்றை நிறுத்தி, ஏறத்தாழ 30 கோடி யென் பணத்துடன் அதனை ஓட்டிச் சென்றான். எவருக்கும் காயமில்லை. பணம் காப்புறுதி செய்யப்பட்டிருந்தது. 1975 இல் வழக்குத் தொடர்வதற்கான காலவெல்லை முடிவடைந்தது, அவன் அகப்படவேயில்லை. மாறுவேடம், நுண்மதி, குருதியின்மை ஆகிய மூன்றும் ஒன்றுசேர்ந்த இக்களவு மக்களின் கற்பனையைப் பெரிதும் கவர்ந்தது. இக்கெனாமி தம் கள்வர் கதையை எழுதியது, இக்களவின் புதிர் அவிழாதிருந்த ஆண்டுகளிலேயாம்.

ஆயின் அப்பணம் எவருடையது? தோஷிபாவின் ஃபுச்சூத் தொழிற்சாலைத் தொழிலாளருக்கு வழங்கப்படவிருந்த ஊக்கத்தொகை அது. அவர்களுக்கு மறுநாளே அத்தொகை வழங்கப்பட்டமையால் இழப்பேதும் நேரவில்லை எனக் கூறப்பட்டது. ஆனால் 1969 இல், குற்றமற்ற ஒருவர் ஐயத்தின் பேரிற் கைதுசெய்யப்பட்டார். பத்திரிகைகள் அவரைக் கள்வனாகவே நாட்டுக்கு அறிமுகப்படுத்தின. அவர் அன்றைய தினம் வேறிடத்திலிருந்தமை உறுதியாகியதும் விடுவிக்கப்பட்டார். எனினும் அப்பெயர் அவரை விட்டு நீங்கவில்லை. குருதி சிந்தாத களவுக்கும் பலியானோர் உளர். அவர்கள் கதையின் சட்டகத்துக்கு வெளியே நிற்பதனால் நம் கண்ணிற் படுவதில்லை.

5

இதனைக் கூறியபின், இத்தொடரை ஆளும் வர்க்கக் கருத்தியலின் கருவி என்று முத்திரையிட்டு ஒதுக்கிவிடுவது எளிது. அது நேர்மையாகாது. இக்கதை தான் அறிந்தோ அறியாமலோ வெளிப்படுத்தும் ஓர் உண்மை உண்டு. அது குழுவின் உள்ளாட்கள் வாயிலாக வெளிப்படுகின்றது.

வணிகனின் களஞ்சியச் சுவர் தீயையும் தாங்க வல்லது. பூட்டுக்கள் உறுதியானவை. எனினும் அவ்வீடு பணியாளரின்றி ஒரு நாளும் இயங்க இயலாது. அடுப்பு மூட்டுபவளும் தண்ணீர் சுமப்பவனும் கணக்கெழுதுபவனும் வீட்டின் ஒவ்வொரு கதவையும் அறிவர். வணிகனோ அவர்களின் முகங்களை உற்று நோக்கியதில்லை. புதிய வேலைக்காரி ஒருத்தி வந்து ஓராண்டு பணிபுரிந்தாலும் அவள் யார் என்பதை அவன் அறியான். அறிய வேண்டிய தேவையும் அவனுக்கில்லை. இந்த அறியாமையே கள்வர் நுழையும் வாயில். செல்வத்தின் காவல் முழுவதும் செல்வரால் நோக்கப்படாதோரின் கைகளிலேயே தங்கியிருக்கின்றது என்பதனை எந்த அரசியற் பிரசாரமுமின்றி இத்தொடர் காட்டிவிடுகின்றது. தாழ் நீக்கப்படும் அந்த ஓசையில், உழைப்பின் மீது செல்வம் கொண்டுள்ள சார்பு ஒரு கணம் கேட்கின்றது.

கதையின் முடிவும் இத்தகைய ஆழமுடையது. நிசாயெமொனின் தமையன் குரனோசுக்கே, தானே குமோகிரி எனக் கூறித் தன்னை அதிகாரத்திடம் ஒப்படைக்கின்றார். அரசுக்கு வேண்டியது ஒரு பெயரும் ஒரு தலையும்; அவை கிடைத்தால் நீதி நிறைவேறியதாகும். 1742 இல் தொகுக்கப்பட்ட ஷோகுன் அரசின் தண்டனை விதிகளிற் பத்து ரியோவும் அதற்கு மேலும் திருடியவனுக்கு மரணமே விதிக்கப்பட்டது. ஒரு குடும்பத்தைப் பொய்க் குற்றத்தினால் அழித்தவர்களுக்கு அத்தகைய விதியெதுவும் இருக்கவில்லை. கோஷாவின் திரைப்படத்தில் அத்தமையனாக நடித்தவர் எட்டாம் மட்சுமோத்தோ கோஷிரோ. 1969 இல் ‘ஓனிஹெய்’ தொடரிற் கள்வரை ஒடுக்கும் தலைவராகத் தொலைக்காட்சியில் முதலிற் தோன்றியவரும் அவரே. பிடிப்பவனும் பிடிபடுபவனும் ஒரே முகமுடையோராய் அமைந்தமை தற்செயலாயினும் பொருள் பொதிந்ததாகும்.

6

இனி நாம் முக்கியமெனக் கருதும் கருத்துக்கு வருவோம். கியோஹோ காலத்து எடோ நகரிற் பொருளுடையோரின் கதவை உடைத்தோர் கள்வர் மட்டுமல்லர். 1732 இல் மேற்கு யப்பானிற் பெரும் பஞ்சம் ஏற்பட்டது. அரிசி விலை ஏறியது. 1733 இல் எடோ மக்கள் அரிசி வணிகனான தக்காமா தென்பேயின் கடையைத் தாக்கி அவனது பொருள்களை ஆற்றில் எறிந்தனர். எடோ கண்ட முதலாவது அரிசிக் கலகம் இதுவே. 1787 இல் இதனினும் பெரிய கலகம் நகரெங்கும் பரவியது. அக்கலகத்தில் மக்கள் பொருள்களை உடைத்தும் சிதறியும் அழித்தனரேயன்றிப் பெரும்பாலும் களவாடவில்லை என்பதைச் சமகாலத்தோர் வியப்புடன் குறித்துள்ளனர். தமது செயல் களவன்று, தண்டனை என்பதனை அவர்கள் அவ்வொழுங்கின் மூலம் அறிவித்தனர்.

இங்கும் ஒரு குழு உண்டு; கட்டுப்பாடு உண்டு; விதி உண்டு. ஆனால் மாறுவேடம் இல்லை, தலைவன் இல்லை, பங்கீடும் இல்லை. குமோகிரி போன்ற தொடர்களில் இக்கூட்டத்துக்கு இடமில்லை. ‘ஓனிஹெய்’ தொடரின் நாயகனான ஹசெகாவா ஹெய்சோ வரலாற்றில் வாழ்ந்தவர். 1787 ஆம் ஆண்டுக் கலகத்தை அடக்க அனுப்பப்பட்ட படைத்தலைவர்களுள் அவரும் ஒருவர். கள்வரைத் துரத்தும் தனிப்படைப் பொறுப்பு அவருக்கு அதே ஆண்டிலேயே வழங்கப்பட்டது. 1989 முதல் 2016 வரை இரண்டாம் நக்காமுரா கிச்சியெமொன் உயிரூட்டிய ஹெய்சோ, கள்வரின் உள்ளத்தை அறிந்த பரிவுமிக்க மனிதர். பசியினாற் கூடியோரை எதிர்கொண்ட ஹெய்சோவை நாம் அத்தொடரின் மையத்திற் காண்பதில்லை. ஒழுங்குடைய கள்வனுக்கு இரங்கும் கலை, ஒழுங்குடைய மக்கள் கூட்டத்தைக் கண்டு அஞ்சுகின்றது.

இவ்வேறுபாடே நமது ஆய்வின் முடிவு. கள்வன் செல்வத்தை இடம் மாற்றுகின்றான். அதன் இயல்பை மாற்றுவதில்லை. ஆகவே அவனை நாயகனாக்குவது எந்தச் சமுதாய அமைப்புக்கும் ஆபத்தானதன்று. இரவில் நுழைந்து விடியுமுன் மறையும் அவன், காலையில் உலகம் முன்போலவே இருப்பதனை உறுதிசெய்கின்றான். கூட்டமாகத் தெருவில் நின்று அரிசியின் விலையைக் கேட்பவன் அத்தகையவனல்லன்.

எனினும் தொடரைப் பார்க்கும் மக்களைக் குறைகூறுவதற்கு நமக்கு உரிமையில்லை. பகல் முழுதும் பிறர்க்கு உழைத்துக் களைத்து வந்தவன், தன் திறமையை மதிக்கும் தலைவனையும், ஒருவரையொருவர் கைவிடாத தோழரையும் திரையிற் காண விரும்புகின்றான். அவ்விருப்பம் பொய்யானதன்று. அவ்விருப்பம் நிறைவேறுதற்குரிய இடம் பகலில் இல்லாமையாற் போலும் அது இரவினுள், கள்வர் உலகினுள் ஒதுங்கிக்கொண்டது. அதனை அங்கு கண்டுகொள்வதும், பகலுக்குரியதாக மீட்டுக் கொணரும் வழிகளைச் சிந்திப்பதும் முற்போக்குத் திறனாய்வின் கடமைகளாகும்.